எந்த ஊர்க் கணக்கில் சேரும் இந்தப் புற்று?

காலை ஏழு மணிக்கெல்லாம் சிவகாசி பக்கத்து நாரணாபுரம் ரோட்டில் பட்டாசுக் கம்பெனி வண்டிகளின் ஹாரன் சத்தம் தொடங்கிவிடுகிறது. சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி என்று பெண்கள் தெருமுனைகளில் நிற்கிறார்கள். குழாய் உருட்டுபவர்கள், திரி செருகுபவர்கள், சரம் பின்னுபவர்கள் ஒரு வண்டியில். மருந்து அலசி, கலந்து, செலுத்தும் ஆண்கள் இன்னொன்றில்.

சாயங்காலம் திரும்பி வரும்போது இந்த இரு கூட்டத்தையும் நிறத்தை வைத்தே பிரித்துவிடலாம். மருந்து அறையில் வேலை பார்த்தவரின் முன்கை, கழுத்து, காது மடல் எல்லாம் வெள்ளி பூசினதுபோல் மின்னும். அலுமினியப் பவுடர் அது. டிரம் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒரு கோடு மிச்சம் நிற்கிறது. அந்தக் கையோடுதான் சோறு.

டீக்கடைகளில் இந்தப் பேச்சு ஓய்வதே இல்லை. இந்தத் தெருவில் ஒருவருக்கு, அடுத்த தெருவில் இருவருக்கு எனக் கேன்சர் வந்த வீடுகளை விரல் விட்டு எண்ணி, "எல்லாம் பவுடராலதான்" என்பது ஒரு கட்சி. "எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் மருந்துக்குள்ளேயே கிடந்தாரே, அவருக்கு என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்பது மறு கட்சி. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் யாரை எந்த ஊரில் எழுதுகிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

ஒரே நாடு, ஏழு மடங்கு வித்தியாசம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2020-ல் வெளியிட்ட அறிக்கையைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது இடத்துக்கு இடம் உள்ள இடைவெளிதான். மிசோரமின் ஐஸால் மாவட்டத்தில் லட்சம் ஆண்களுக்கு ஆண்டுக்கு 269.4 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், பீட் மாவட்டங்களில் 39.5 பேருக்கு. வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகும் ஏறக்குறைய ஏழு மடங்கு. பெண்களில் அருணாசலப் பிரதேசத்தின் பாபும்பரே 219.8 என்று முதலிடத்தில் நிற்கிறது.

மிசோரமில் ஆண், பெண் இரு பாலரிடமும் புகையிலைப் பழக்கம் மிக அதிகம். புகையிலைப் புகையைத் தண்ணீரில் இறக்கி அந்த நீரை வாயில் ஒதுக்கும் வழக்கமும் அங்கே உண்டு. புகைபோட்ட இறைச்சி தினசரி உணவு. அந்த மகாராஷ்டிர மாவட்டங்களின் குறைந்த எண்ணுக்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். ஒன்று, நோய் உண்மையிலேயே குறைவு. மற்றொன்று, ஆஸ்பத்திரி தூரமாக இருக்கும் இடத்தில் நோயைக் கண்டுபிடிப்பதே குறைவு. புற்றுநோய் வரைபடம் எதைப் பார்த்தாலும் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இந்த இடைவெளி உண்டு. சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்தது. இப்போது அது பாதிக்கும் கீழே இறங்கி, மார்பகப் புற்று மேலே ஏறிவிட்டது. திண்டுக்கல் கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்று நெடுநாள் உச்சத்திலேயே நின்றது. கல்யாணம் தள்ளிப்போவதும், பிள்ளைகள் ஒன்றிரண்டோடு நிற்பதும், உட்கார்ந்த வேலையும், உடல் எடையும் நகரத்துப் பெண்ணுக்கு ஓர் ஆபத்தைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டுகின்றன.

அந்தத் திண்டுக்கல் எண் சும்மா கிடக்கவில்லை. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையத்தை நடுவாக வைத்து, 30 முதல் 59 வயதுப் பெண்களை அவர்கள் ஊருக்கே போய்ச் சோதித்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனை. செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. சோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்று 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. எண் இருந்தது, அதனால் ஆள் அனுப்பினார்கள், அதனால் பெண்கள் பிழைத்தார்கள். ஒரு மாவட்டத்தின் கணக்கைச் சரியாக எடுப்பது உயிர் காக்கும் வேலை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு சாட்சி தேட வேண்டியதில்லை.

கப்பலேறிய உடம்பு

ஊர் மாறினால் நோயும் மாறுமா? பரம்பரையா, வாழ்க்கைமுறையா என்ற பழைய சண்டைக்குத் தீர்ப்புச் சொன்னவர்கள் புலம்பெயர்ந்தவர்கள்தான். ஜப்பானில் வயிற்றுப் புற்று மிக அதிகம், குடல் புற்று குறைவு. அமெரிக்காவில் நேர் எதிர். அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியர்களை ஹென்செல், குரிஹாரா என்ற இருவர் ஆராய்ந்து 1968-ல் வெளியிட்டார்கள். குடியேறியவர்களிடம் குடல் புற்று விரைவாக அமெரிக்க அளவை நோக்கி ஏறியது. வயிற்றுப் புற்று அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. அங்கே பிறந்த பிள்ளைகளிடம்தான் நன்றாகக் குறைந்தது. ரத்தம் ஒன்றுதான், தட்டில் விழுந்த சாப்பாடு வேறு. சிறுவயதில் பட்டது நெடுநாள் கூடவே வரும் என்பதையும் அந்த ஆய்வு காட்டிவிட்டது.

நம்மவர் கதையும் அதேதான். இந்தியா, சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நான்கு இடங்களில் வாழும் இந்திய, தெற்காசிய வம்சாவளியினரை ஒப்பிட்டு 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. பெண்களிடம் எல்லாப் புற்றும் சேர்த்து இந்தியாவில் லட்சத்துக்கு 116, சிங்கப்பூரில் 132, அமெரிக்காவில் 142, பிரிட்டனில் 179. மார்பகம், குடல், புராஸ்டேட் புற்றுகள் வெளியே போனவர்களிடம் கூடின. வாய், உணவுக்குழாய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளோ இந்தியாவிலேயே அதிகம்.

ஆனால் பழக்கத்தை மடியில் கட்டிக்கொண்டு போனவர்களை நோய் விடவில்லை. 1860 முதல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறிய கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் வம்சத்துப் பெண்களிடம் பல தலைமுறை கழித்தும் வாய்ப் புற்று அதிகமாக இருந்தது. காரணம் பாக்கு. பலர் புகையிலை சேர்க்காமலே மென்றவர்கள். மலேசியாவிலும் மலாய், சீனப் பெண்களைவிட இந்திய வம்சாவளிப் பெண்களிடமே வாய்ப் புற்று மிகுதி. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணியே என்று உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முடிவு செய்துவிட்டது. வெடிமருந்து ஆலைக்குள் பீடி பற்ற வைக்க முடியாது. வாயில் ஒதுக்குவதை யாரும் தடுப்பதில்லை. நாரணாபுரத்தில் பவுடரைப் பற்றிப் பேசும்போது பாக்குப் பொட்டலத்தை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது கதை துருக்கியில் நடந்தது. கப்படோகியா பகுதியில் கரைன் என்று ஒரு சிற்றூர். அங்கே வீடு கட்டும் கல்லில் எரியோனைட் என்ற கனிம நார் கலந்திருந்தது. நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்ற அரிய புற்று அந்த ஊரில் வீடு வீடாக வந்தது. பலர் பிழைப்புக்காக ஸ்வீடன் போனார்கள். கல்லும் தூசியும் இல்லாத ஊரில் வாழ்ந்தும், பத்து இருபது வருஷம் கழித்து அதே புற்று அங்கேயும் அவர்களைப் பிடித்தது. நோய் வந்தது ஸ்வீடனில். அதற்கு விதை விழுந்தது கரைனில்.

நாரணாபுரத்துக்காரர்கள் மனத்தில் வைக்க வேண்டியது இந்தக் கதையைத்தான்.

■ பெட்டிச் செய்தி: பதிவேடு வந்த வழி

1954: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் சென்னை அடையாறில் புற்றுநோய் நிலையம் தொடக்கம்.
1963: நாட்டின் முதல் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு பம்பாயில்.
1981: தேசியப் பதிவேட்டுத் திட்டம் தொடக்கம். சென்னைப் பதிவேடு அடையாறு நிலையத்தின் பொறுப்பில்.
1987: மகாராஷ்டிரத்தின் பார்ஷியில் முதல் கிராமப்புறப் பதிவேடு.

2012: மாநிலம் முழுவதையும் உள்ளடக்கிய தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம்.

போனவர் ஒரு கணக்கு, வந்தவர் ஒரு கணக்கு

மக்கள்தொகைப் பதிவேட்டுக்கு ஒரு விதி உண்டு. நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது ஒருவர் எந்த ஊரில் குறைந்தது ஓர் ஆண்டாவது குடியிருந்தாரோ, அந்த ஊர்க் கணக்கில் அவர் சேருவார். சிகிச்சைக்கு வந்த வெளியூர்க்காரரைச் சென்னைக் கணக்கில் ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல விதி. பெரும்பாலான புற்றுநோய்கள் வளரப் பத்து முதல் முப்பது ஆண்டு பிடிக்கும் என்ற உண்மையோடு சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

இருபது வருஷம் மருந்து அறையில் நின்ற ஒருவர் மூச்சு வாங்குகிறது என்று வேலையை விடுகிறார். மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில். அப்பாவும் அங்கே போய்ச் சேர்கிறார். மூன்று வருஷத்தில் நுரையீரலில் கட்டி. பதிவு திருப்பூர் மாவட்டத்தில். நாரணாபுரத்தின் கணக்கு சுத்தமாக இருக்கிறது.

இதற்கு மறுபுறமும் உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமியிலிருந்து இளவட்டங்கள் வெளியூர் போவது புதிதல்ல. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலே ஒரு பயணத்தில்தான் பிறந்தது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அவர்கள் திரும்பி வந்தார்கள். இன்று போகிறவர்களில் பலர் திரும்புவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 பேர் உள்ள ஊரில் வருஷத்துக்கு 10 பேருக்குப் புற்று என்றால் லட்சத்துக்கு 100. அங்கிருந்து 3,000 இளைஞர்கள் வெளியேறுகிறார்கள். வயதானவர்கள் அங்கேயே இருப்பதால் நோயாளிகள் அதே 10 பேர். இப்போது விகிதம் லட்சத்துக்கு 143. காற்றில், தண்ணீரில், மருந்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் "ஊரில் கேன்சர் கூடிப்போச்சு" என்ற பேச்சு வந்துவிடும். வயதைச் சரிக்கட்டிய விகிதம் என்று பதிவேடுகள் தனியே தருவது இதற்காகத்தான். வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்களில் அந்தச் சரிக்கட்டல் இருப்பதில்லை.

இன்னொன்று. ஆலையில் நிற்பவர்கள் எப்போதும் திடமானவர்கள். உடம்புக்கு முடியாதவர் முன்னாடியே கழன்றுகொள்கிறார். ஆகவே இன்று வேலையில் இருப்பவர்களை மட்டும் சோதித்து "யாருக்கும் ஒன்றும் இல்லை" என்று சொல்லும் மருத்துவ முகாமை நான் நம்ப மாட்டேன். வேலையை விட்டுப்போனவர்களைத் தேடிப் பிடிக்காத ஆய்வு ஆய்வே அல்ல.

மருந்தில் என்ன இருக்கிறது?

ஊர்ப் பேச்சில் குற்றவாளி அலுமினியப் பவுடர். நுரையீரலுக்கு அது கெடுதல்தான். ஆனால் புற்றுநோய்க் காரணிகளின் பன்னாட்டுப் பட்டியலில் அலுமினிய உற்பத்தி உலைவேலை உண்டு, பவுடர் தனியாக இல்லை. பச்சை நிறம் தரும் பேரியம் நைட்ரேட், அதாவது பச்சை உப்பு, நஞ்சு. இதயத்தையும் மூச்சையும் பாதிக்கும். அதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றால் வரும் முதல் ஆபத்து தீயும் மூச்சுத் திணறலும்.

பட்டியலில் இருப்பவை வேறு. ஆர்செனிக் மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்டது. ஈயத்தின் கனிமச் சேர்மங்களும் ஆன்டிமனியின் ஒரு வகையும் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் உள்ளவை. பட்டாசில் ஆர்செனிக், ஈயம், ஆன்டிமனி, பாதரசம், லித்தியம் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் பேரியத்தையும் சரவெடியையும் தடை செய்தது. வழக்கு நடந்தது டெல்லிக் குழந்தைகளின் நுரையீரலுக்காக. உத்தரவின் முதல் பயனாளியாக இருக்க வேண்டியவர் அந்த மருந்தை வெறுங்கையால் அலசிய தொழிலாளி. அவர் உடம்பில் ஏற்கெனவே ஏறியது என்ன என்று அந்த உத்தரவுக்குப் பிறகாவது பார்த்திருக்க வேண்டும். ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க ஒரு சாதாரணப் பரிசோதனை போதும்.

விபத்து என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 உயிர்கள் போனபோது நாடே பார்த்தது. இருபது வருஷம் கழித்து வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில் தனியாக நடக்கும் சாவுக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது, நிவாரணம் கிடையாது.

ஒசாகா அச்சகத்தில் நடந்தது

சிவகாசி பட்டாசோடு நிற்கவில்லை. காலண்டரும் டைரியும் லேபிளும் அச்சாகும் ஊர். அதனால் ஜப்பானின் ஒசாகா நகரத்தில் நடந்ததை இங்குள்ள ஒவ்வோர் அச்சகத்துக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2012-ல் அங்கே ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் தொழிலாளர்களிடம் பித்தநாளப் புற்று அடுத்தடுத்துத் தெரியவந்தது. பொதுவாக முதுமையில் வரும் அரிய நோய் அது. இவர்களோ இளவயதினர். மெஷினில் மசி படிந்த பிளாங்கெட்டைத் துடைக்கப் பயன்படுத்திய கரைப்பானில் 1,2-டைகுளோரோபுரொப்பேன் என்ற வேதிப்பொருள் இருந்தது. காற்றோட்டமில்லாத அறையில் நாளெல்லாம் அந்த ஆவியை முகர்ந்தவர்கள் அவர்கள். அந்த ஒரே அச்சகத்தில் 17 பேருக்கு நோய் வந்தது. பன்னாட்டு முகமை 2014-ல் அந்தக் கரைப்பானை உறுதியான புற்றுநோய்க் காரணி என்று அறிவித்தது.

இது எப்படி வெளியே வந்தது? நோயாளிகளில் சிலர் அந்த வேலையை விட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் முன்பு எங்கே வேலை பார்த்தார்கள் என்று ஒருவர் தோண்டிக் கேட்டதால்தான் வெளியே வந்தது. கேட்காமல் விட்டிருந்தால் அவை ஆளுக்கொரு ஆஸ்பத்திரியில் தனித்தனித் துரதிர்ஷ்டங்களாகவே முடிந்திருக்கும்.

சீட்டில் விடுபடும் வரி

இப்போது நம்மூர் அரசு மருத்துவமனையின் ஓ.பி. வரிசைக்கு வாருங்கள். பேர்? வயசு? ஊர்? வேலை? "கூலிங்க சார்." சீட்டில் "கூலி" என்று ஏறும். அடுத்த ஆள். எந்த ஆலை, எந்த அறை, எத்தனை வருஷம், என்ன மருந்து, அதற்கு முன்னால் என்ன வேலை என்று கேட்க நேரமும் இல்லை, கட்டமும் இல்லை. அந்த வரிசையின் நீளத்தைப் பார்த்தால் எழுதுபவரைக் குறை சொல்ல மனம் வராது.

ஆனால் அந்த ஒரு வரியில் தொங்குவது பெரிது. ஈய நஞ்சு, ஆர்செனிக் நஞ்சு, தொழிலால் வரும் சில தோல் புற்றுகள் ஆகியவற்றைக் கண்ட மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்திலேயே அட்டவணை இருந்தது. 2020-ன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. இ.எஸ்.ஐ. திட்டத்திலும் தொழில்சார் நோய்களுக்கு உரிமை உண்டு. உரிமை கேட்க ஆதாரம் வேண்டும். உரிமத்தை உள்குத்தகைக்கு விட்ட ஆலையில், மேஸ்திரியிடம் பீஸ் ரேட்டில் வேலை பார்த்தவரின் பேர் எந்த மஸ்டர் ரோலிலும் இருக்காது. வடக்கிலிருந்து வந்து சில வருஷம் உழைத்துத் திரும்பிவிடும் தொழிலாளிக்கு நிலைமை இன்னும் மோசம். அவருக்கு நோய் வரும் நாளில் சிவகாசி என்ற பேரையே எந்த டாக்டரும் கேட்கப்போவதில்லை.

கணக்கில்லாத இடத்தில் பயம் குடியேறும். பஞ்சாபின் பட்டிண்டாவிலிருந்து பிகானேர் ஆஸ்பத்திரிக்குப் போகும் ரயிலுக்குக் "கேன்சர் ரயில்" என்றே பேர் வந்துவிட்டது. பட்டிண்டா இருக்கும் மால்வா வட்டாரக் கிராமங்கள் முழுக்கப் பூச்சிமருந்தால் புற்று என்று நாடே பேசியது. டாடா நினைவு மையம் அங்கே முறையான பதிவேடுகளைத் தொடங்கி எண்ணியபோது, பயத்துக்குப் பேர்போன மான்சா, சங்ரூர் மாவட்டங்களைவிடச் சண்டிகரிலும் மொகாலியிலும் விகிதம் அதிகமாக இருந்தது. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் மோனசைட் மணலின் கதிர்வீச்சால் புற்று கூடுகிறதா என்று 1990 முதல் பதிவேடு வைத்துப் பார்த்தார்கள். பல ஆண்டு ஆய்வில் கூடுதல் இல்லை என்றே முடிவு வந்தது. நாரணாபுரத்துக்கும் இப்படி ஒரு நல்ல பதில் கிடைக்கலாம். கெட்ட பதிலும் கிடைக்கலாம். எதுவானாலும் "கேன்சர் ஊர்" என்று வதந்தியில் பேர் வாங்கி, பெண் கொடுக்கத் தயங்கும் நிலைக்கு ஒரு ஊரைத் தள்ளுவதைவிட அது மேல்.

என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலில் இருந்தவர்கள், விட்டுப்போனவர்கள் எல்லோருக்கும் தொழில் வரலாற்றோடு கூடிய தனிப் பதிவு வேண்டும். அவர் திருப்பூரில் இருந்தாலும் பீகாரில் இருந்தாலும் அந்தப் பதிவு கூடவே போக வேண்டும். மாநிலப் பதிவேடு 2012-லிருந்து இருக்கிறது, 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி விருதுநகரிலேயே இருக்கிறது, சிவகாசியில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் இருக்கிறார்கள். 14 வயது மாணவிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி போட 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்த நிதியமைச்சர் தங்கம் தென்னரசு இந்த மாவட்டத்துக்காரர்தான். ஆலைத் தொழிலாளியின் வேலை வரலாற்றை எழுத அவ்வளவு செலவு ஆகாது.

■ பெட்டிச் செய்தி: தள்ளிப்போடாதீர்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளைத் திட்டு, மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, சளியில் ரத்தம், விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது: இவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எல்லாம் புற்றாக இருக்காது, பார்த்துவிட்டால் நிம்மதி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை அடங்கும். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் முழுக் கட்டணச் சலுகையும், துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. மருத்துவமனைச் சான்று தேவை.

கடைசியாக, இதைப் படிக்கும் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு. நீங்கள் இப்போது சென்னையிலோ கோவையிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். உங்களுக்கோ அப்பா அம்மாவுக்கோ எந்த ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: எந்த ஆலை, எந்த அறை, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, கையில் பட்டது என்ன. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டரிடம் கொடுத்து, கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். அதன் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.